கலையரசன் போடாத க்ரீம்

கலையரசனின் முகம் டவுன் பஸ்களின் முதுகில் ஏறியது ஒரு ஆடி மாதத்தில். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றால் போதும், அவன் முகமே அவனைத் தாண்டிப் போகும். வலது கையால் தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தபடி இருப்பான். பக்கத்தில் மஞ்சள் எழுத்தில், "தடவுங்க, துடைங்க, கிளம்புங்க. பிளேடே வேண்டாம். வேங்கை ஷேவிங் க்ரீம்" என்று போட்டிருக்கும்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் அவனுக்குக் கிடைத்தது விளையாட்டுக்காரர்களுக்கான ஒதுக்கீட்டில் வந்த வேலை. பன்னிரண்டு வருடம் கபடி ஆடினான். பாடிப் போகிறவர்களில் அவனைப் போல் இடது காலை நீட்டி, எதிராளி பிடிக்க வருவதற்குள் கோட்டுக்குத் திரும்புகிறவன் அந்த வட்டாரத்தில் இல்லை. டிவியில் வரும் போட்டிகளில் இரண்டு வருடம் ஆடியபோது மணப்பாறையிலிருந்து தஞ்சாவூர் வரை வாலிபர்கள் அவன் மாதிரி முடி வெட்டிக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நடக்க முடிந்தது, ஆட முடியவில்லை. பணிமனையின் ஸ்டோர்ஸில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, சாமான் கேட்டு வருகிறவர்களின் சீட்டை வாங்கி எழுதும் வேலை கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் பெட்ரோல் பங்க்கில் இருந்த பையன்கூட, "தள்ளி நிறுத்துங்க சார்" என்று முகம் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தான். முழங்கால் வலியைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

அந்த நேரத்தில்தான் மார்ட்டின் வந்தார். வேங்கை கம்பெனியின் விற்பனை மேனேஜர். ஐந்து மாவட்டம் அவர் பொறுப்பு.

"பிளேடு விளம்பரம்னாலே ஒரு நடிகர் தாடை, இல்லாட்டி ஒரு கிரிக்கெட்காரர் தாடை. அவங்க எல்லாம் பெரிய கம்பெனிக்குப் போயிடுறாங்க சார்" என்றார் மார்ட்டின். "எங்களுக்கு ஊர்க்காரங்க நம்புற முகம் வேணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இந்தப் பக்கத்துப் பசங்க கேட்பாங்க."

பேசிய தொகை பெரிதில்லை. ஆனால் சத்திரத்திலும் பால்பண்ணை ரவுண்டானாவிலும் இருபதடி போர்டு வைக்கப்போவதாக மார்ட்டின் சொன்னபோதே கலையரசன் ஒப்புக்கொண்டுவிட்டான். டிபார்ட்மென்ட்டில் அனுமதி கேட்க வேண்டும் என்று மனைவி வேணி நினைவுபடுத்தினாள். "கேட்டுக்கலாம்" என்றான். கேட்கவில்லை.

படப்பிடிப்பு எடமலைப்பட்டி புதூரில், வாடகைக்கு எடுத்த ஒரு மாடிவீட்டில் நடந்தது. காலையிலேயே சலூனுக்குப் போய் நன்றாக மழித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மேக்கப் போட விஜயராணி என்றொரு பெண் வந்திருந்தாள். திருமண மண்டபங்களில் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். க்ரீமை அவன் முகத்தில் தடவுவதற்கு முன்னால் தன் மணிக்கட்டில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் அடுப்பில் சுட்டதுபோல் சிவந்தது. அவள் ஓடிப்போய்க் குழாயில் கையைக் காட்டினாள்.

டைரக்டரும் மார்ட்டினும் ஓரமாக நின்று பேசினார்கள். பிறகு யாரோ கடைக்குப் போய் வேறொரு கம்பெனி ஷேவிங் நுரை வாங்கி வந்தார்கள். விஜயராணி அதைத்தான் அவன் கன்னத்தில் தடவினாள். ஏற்கெனவே மழித்த கன்னம். துண்டால் துடைத்தபோது கேமராவில் பளபளவென்று தெரிந்தது. "பன்னிரண்டு வருஷம் மண்ணுல உருண்ட முகம் சார் இது. நான் தினமும் நம்புறது வேங்கையைத்தான்" என்று அவன் சொன்னான். நான்காவது டேக்கில் சரியாக வந்தது.

கிளம்பும்போது விஜயராணி அவனிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, அட்டைப்பெட்டி நிறைய குடுத்து விடுறாங்க. வீட்டுல யாரும் போட்டுடாதீங்க. காரம் ரொம்ப ஜாஸ்தி."

"எனக்கு எதுக்குமா அது" என்று சிரித்தான்.

அந்தப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தன் பழைய ரேசரிலேயே மழித்துக்கொண்டான்.

அதன்பிறகு வந்த ஆறு மாதம் அவனுக்கு நல்ல மாதங்கள். பெட்ரோல் பங்க் பையன் செல்ஃபி எடுத்துக்கொண்டான். பணிமனை கேன்டீனில் "என்ன வேங்கை" என்று கூப்பிட்டார்கள். கிராமங்களிலிருந்து கபடிப் போட்டிக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள். போகிற இடமெல்லாம் மார்ட்டின் இரண்டு பெட்டி க்ரீம் அனுப்பி வைப்பார்.

தை மாதம் பெட்டவாய்த்தலைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் போட்டி. பரிசு கொடுத்து முடிந்ததும் ஜெயித்த அணி, தோற்ற அணி என்று பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் அவன் கையாலேயே ஒரு ட்யூப் கொடுக்கச் சொன்னார்கள். தோற்ற அணியில் மூலையில் நின்று எதிராளியின் காலைப் பிடித்து ஆடிய ஒருவன், ஆறடி இருப்பான், ட்யூபை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றான்.

"அண்ணே, என் பேரு ரஞ்சித். வாழைத்தார் லாரி ஓட்டுறேன். எனக்கு பிளேடு பட்டாலே கழுத்தெல்லாம் கொப்புளம் வந்துடுது. இது ஒத்துக்குமாண்ணே?"

பின்னால் வரிசை நின்றிருந்தது. மைக் பக்கத்திலேயே இருந்தது. கலையரசன் அவன் தோளில் கை போட்டான்.

"நானே தினமும் இதைத்தான் போடுறேன். என் முகத்தைப் பாரு. தைரியமா போடு."

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ரஞ்சித் ட்யூபைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு சீப்பு பூவன்பழம். ரஞ்சித்தின் அப்பா மருதை என்று சொல்லிக்கொண்டார். கலையரசனுக்கு முதலில் எந்த ரஞ்சித் என்று நினைவு வரவில்லை. உள்ளே உட்கார வைத்தான். வேணி காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி லால்குடிக்குப் பொண்ணு பார்க்கப் போறதா இருந்துச்சு தம்பி. மூஞ்சில கொப்புளம் இல்லாம போகணும்னு நீங்க குடுத்ததைப் போட்டிருக்கான். எட்டு நிமிஷம் வைக்கணும்னு அதுல எழுதியிருக்கு. அஞ்சு நிமிஷத்துலயே எரியுது எரியுதுன்னு கொல்லைக்கு ஓடினான். குழாயைத் தொறந்து ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் கழுவுனான். கழுவுன வேகத்துல அது கண்ணுக்குள்ள போயிருச்சு."

அவர் நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கன்னமும் கழுத்தும் தோல் உரிஞ்சுபோச்சு. அது ஆறிடும்கறாங்க. தென்னூர்ல கண் டாக்டர்கிட்ட காட்டினோம். இடது கண்ணுல கருவிழி வெந்துபோச்சாம். வேற கருவிழி வெச்சுப் பார்க்கலாம், பிடிக்குமான்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு."

"ஐயா..." என்றான் கலையரசன்.

"நான் சண்டைக்கு வரலை தம்பி. அவன்தான் ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னான். நீங்க நெசமாவே அதைத்தான் போடுறீங்களா? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா? அதை மட்டும் கேட்டுட்டு வாங்கப்பான்னான்."

பரண் அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. உண்மையைச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும் என்று கலையரசன் பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறான். இரண்டு போதும். அன்றைக்கு அவன் நினைத்ததெல்லாம் போர்டுகளைப் பற்றி, பணிமனையைப் பற்றி, நாளைக்குப் பேப்பரில் என்ன வரும் என்பதைப் பற்றி.

"ஆமாங்கய்யா. தினமும் போடுறேன். எனக்கு ஒண்ணும் ஆகலை."

மருதை தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்ததுபோல் இருந்தது. "அப்போ என் பையன் தோல்தான் கோளாறு போல. அவசரக்குடுக்கை வேற. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்று எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "பழம் நம்ம தோட்டத்துது. பிள்ளைங்களுக்குக் குடுங்க" என்றார்.

அவர் தெரு திரும்பும்வரை வேணி ஜன்னலருகே நின்றாள்.

"மகனுக்குச் சொன்ன பொய்யி போதாதா, அப்பனுக்கும் சொல்லணுமா?" என்று கேட்டாள். அன்று மதியத்திலிருந்து அவள் அவனோடு சேர்ந்து சாப்பிடவில்லை.

ரஞ்சித்தின் லாரி முதலாளி இதை அப்படியே விடவில்லை. ஸ்ரீரங்கத்தில் தனக்குத் தெரிந்த வக்கீல் திருவேங்கடத்திடம் அவனை அழைத்துப்போய், நுகர்வோர் கோர்ட்டில் கம்பெனிமேல் வழக்குப் போட வைத்தார். நோட்டீஸ் போன மறுவாரம் மார்ட்டின் ஒரு தாளோடு பணிமனை வாசலுக்கு வந்தார்.

"வெறும் ஃபார்மாலிட்டி சார். ஏழு மாசமா தினமும் உபயோகிக்கிறேன், எந்தப் பாதிப்பும் இல்லைன்னு ஒரு வரி. நீங்க விளம்பரத்துல சொன்னதுதானே."

"நான் ஒரு நாளும் போட்டதில்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். இதுல கையெழுத்துப் போடலைன்னா ஊருக்கே தெரியும்" என்றார் மார்ட்டின். மிரட்டுகிற குரல் இல்லை. களைத்துப்போன குரல். அவருக்கும் வேலை போய்விடும் என்கிற பயம் அதில் இருந்தது. கலையரசன் பைக் சீட்டின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் கம்பெனி வக்கீல், "எங்கள் பொருளில் குறை இல்லை, மனுதாரரின் தோல்தான் இயல்புக்கு மாறானது" என்று பதில் கொடுத்தார்.

சித்திரை போய் வைகாசி வந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணோடு ரஞ்சித்தை லாரியில் ஏற்ற முடியாது என்று ஆயிற்று. லால்குடிக்காரர்கள் பெண்ணை வேறிடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். இதெல்லாம் கலையரசன் காதுக்கு வந்தது, அவனாகப் போய் விசாரிக்கவில்லை.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை வேணி ஸ்ரீரங்கம் போக வேண்டும் என்றாள். கூட்டம் தெருவை அடைத்து நின்றது. கோயிலுக்கு வெளியே துளசி மாலை வாங்கிய கடையிலேயே செருப்பை விடச் சொன்னார்கள். கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தவன் செருப்புகளை வாங்கி, எண் எழுதிய அட்டையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது.

"அண்ணே" என்றான்.

இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இடது கண்ணில் பால் ஊற்றியதுபோல் வெண்மை. ரஞ்சித் எழுந்து நின்று தன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு பக்கத்துப் பூக்காரரிடம், "யாரு வந்திருக்காங்க பாருங்க. கலையரசன் அண்ணன். நேஷனல் ஆடினவரு" என்றான்.

"எப்படி இருக்கே?" என்று கேட்டான் கலையரசன்.

"இருக்கேண்ணே. கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிஞ்சவரு. உட்கார்ந்த இடத்துல வேலை." பிறகு தயங்கிச் சொன்னான். "கேஸ் போட்டதுல உங்களுக்கு வருத்தம் இருக்கும். முதலாளிதாண்ணே போடச் சொன்னாரு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க சொல்லி எத்தனை பேருக்கு நல்லா இருந்திருக்கும். என் தோலுக்குச் சேரலை. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க."

வேணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். கலையரசன் கோயிலுக்குள் போகவில்லை. அட்டையைக் கையில் பிடித்தபடி எதிர்ப்பக்கச் சுவரோரம் அவள் வரும்வரை நின்றான். ரஞ்சித் குனிந்து நிமிர்ந்து செருப்பு வாங்குவதைப் பார்த்தான். இடப்பக்கத்திலிருந்து யாராவது நீட்டினால் அவன் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு உத்திர வீதியில் திருவேங்கடத்தின் வீட்டுக்குப் போனான். அறுபது வயதிருக்கும். நெற்றியில் திருமண், மூக்குக்கண்ணாடி. கலையரசன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நீங்க சொல்றதை அப்படியே பிரமாண வாக்குமூலமா எழுதித் தாங்கோ. கேஸ் திரும்பும்" என்றார். "உங்களுக்குக் கஷ்டம் வரும். அது தெரிஞ்சுதானே வந்திருக்கேள்?"

"தெரியும் சார்."

"இன்னொண்ணு. கோர்ட்ல வெச்சு முதல் தடவையா அந்தப் பிள்ளை இதைக் கேட்கப்படாது. நீங்களே போய்ச் சொல்லிடுங்கோ."

அன்றைக்கே அந்தக் கடைக்குப் போனான். மத்தியான நேரம், கோயில் நடை சாத்தியிருந்ததால் தெருவில் ஆள் குறைவு. ரஞ்சித் சோற்றுத் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கலையரசன் நின்றபடியே சொன்னான். ஒரு நாளும் அந்தக் க்ரீமைத் தொட்டதில்லை என்று. படப்பிடிப்பில் வேறு நுரை தடவினார்கள் என்று. மேக்கப் போட்ட பெண்ணின் கை சிவந்ததைப் பார்த்ததை, அவள் வீட்டில் யாரும் போடவேண்டாம் என்று எச்சரித்ததை, எதையும் விடவில்லை.

ரஞ்சித் தூக்கை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து மூடினான்.

"அப்போ என் தோல்ல கோளாறு ஒண்ணும் இல்லையா?"

"இல்லை."

"எட்டு மாசமா அப்பா என்னைத்தான் திட்டுறாரு. அவசரப்பட்டுக் கழுவிட்டே, அந்த அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலை பாருன்னு. நானும் என்னையேதான் திட்டிக்கிட்டிருந்தேன்." அவன் குரல் உயரவேயில்லை. "அந்த அக்கா உங்ககிட்ட சொன்னாங்க. நான் உங்ககிட்ட கேட்டேன். கேட்டேன்ல?"

"கேட்டே."

"பக்கத்துல மைக் இருந்துச்சு. என் காதுலயாவது சொல்லியிருக்கலாம். போடாதேன்னு ஒரு வார்த்தை."

கலையரசன் அவன் கையைப் பிடிக்கப் போனான். ரஞ்சித் பின்னால் நகர்ந்தான். முக்காலி சாய்ந்து விழுந்தது.

"கோர்ட்ல சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லலை. ஆனா இனிமே இந்தக் கடைப் பக்கம் வராதீங்க. உங்களை அண்ணேன்னு கூப்பிட்டுட்டேன், அதான் எனக்குத் தாங்கலை."

சாட்சி சொல்ல விஜயராணியையும் கேட்டுப் பார்த்தான். உறையூரில் அவள் வீட்டுக்கே போனான். "நான் அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன்ணே. அதுக்கு மேல என்னால முடியாது. ரெண்டு பிள்ளைங்களை வெச்சிருக்கேன்" என்று கதவருகிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். அவள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை.

கூண்டில் தனியாகத்தான் நின்றான். கம்பெனி வக்கீல் அவன் கையெழுத்துப் போட்ட தாளை உயர்த்திக் காட்டினார்.

"இது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

"இது பொய்."

"அப்போ நீங்க காசு வாங்கிட்டுப் பொய் சொல்ற ஆளு."

"ஆமாம்" என்றான் கலையரசன். வக்கீல் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டினார்.

வெளியே வராந்தாவில் மருதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கலையரசன் அவர் முன்னால் போய் நின்று கும்பிட்டான். அவர் நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார். "அன்னிக்கு உங்க வீட்டுல காபி குடிச்சேன் தம்பி" என்றார். அவ்வளவுதான். எழுந்துபோய் மகனின் இடப்பக்கமாக நின்றுகொண்டார். படியிறங்கும்போது ரஞ்சித்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பேப்பரில் வந்தது. அனுமதி வாங்காமல் விளம்பரத்தில் நடித்ததற்காக டிபார்ட்மென்ட்டில் மெமோ கொடுத்து, விசாரித்து, சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அது நியாயம்தான் என்று அவன் எழுதிக் கொடுத்தான். கபடிப் போட்டிகளுக்கு யாரும் அழைக்கவில்லை. தென்னூரில் ஒரு சலூன்காரர் அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, முகத்தை அடையாளம் கண்டதும், துண்டை உதறிப் போட்டு, "வேற கடை பாருங்க" என்றார். வேணி மட்டும் மறுபடி அவனோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

பங்குனியில் தீர்ப்பு வந்தது. க்ரீமைச் சோதித்த ஆய்வக அறிக்கையும் கலையரசனின் சாட்சியமும் சேர்ந்து ரஞ்சித் பக்கம் நின்றன. கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அதற்குள் வேங்கை என்ற பெயரில் கடைகளில் எதுவும் இல்லை. அதே அளவு ட்யூபில், அதே வாசனையில், வேறு பெயரோடு ஒரு க்ரீம் வந்திருந்தது. டிவி சீரியலில் நடிக்கும் ஒரு பையன் அதன் அட்டையில் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

வைகாசி கடைசியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் திருவேங்கடத்திடமிருந்து போன் வந்தது.

"உங்களுக்குச் சொல்லணும்னு தோணித்து. ரஞ்சித்துக்குப் போன மாசம் கருவிழி வெச்சாளோல்லியோ, பிடிக்கலை. நேத்திக்கு எடுத்துட்டா. இனிமே முயற்சி பண்ணிப் பிரயோஜனமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

"அவன் என்ன சொன்னான் சார்?"

"சனிக்கிழமை கூட்டம் வர்றதுக்குள்ள கடைக்குப் போகலாமான்னு மட்டும் டாக்டரைக் கேட்டானாம்."

கலையரசன் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். ஜன்னலுக்கு வெளியே ஸ்டோர்ஸ் சாமானுக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். முதலில் நின்றவர், "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்து, அவர் நீட்டிய சீட்டை வாங்கி எழுத ஆரம்பித்தான்.